குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டவள் எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

உன் குடும்பத்தின் முன்னாள் உறுப்பினர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, கடிதம் முழுக்க அதுதான். நீயும் மருமகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது என்று உன் தங்கச்சி சொன்னாள், விட்டாலும் காதை மூடாமல் வெளியே போகாதே, சின்ன வயசிலேயே உனக்குக் காதில்தான் எல்லாம் ஆரம்பிக்கும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் அம்மா உன் குரல் விட்டுவிட்டு வருது என்கிறாய். என் குரல் இருபத்தெட்டு வருஷமாக விடாமல்தான் வந்துகொண்டிருக்கிறது. கடிதத்துக்கு மியூட் பொத்தான் கிடையாது, அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி. மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி, அவளுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பல் டாக்டருக்கு ஞாயிறு சாயங்காலம்தான் கூட்டம் நெரியும், வாரம் முழுக்கச் சும்மா இருந்த பல்லெல்லாம் லீவு நாள் பார்த்துத்தான் வலிக்கும் போலிருக்கிறது. நான் வரவேற்பு மேஜையில் அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுக்கிறேன், போன் டிங் என்றது. நீதானே போன தடவை வந்தபோது அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று போனைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போனாய், ரொம்ப வசதியாகத்தான் இருந்தது, ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. 'நீங்கள் குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள். இனிக் குடும்பத்தின் பலன்கள் உங்களுக்குக் கிடைக்காது.' அதற்குக் கீழே உன் பெயர். எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஐயோ என்று கத்திவிட்டேன். டாக்டர் கையில் குறடோடு வெளியே ஓடிவந்து என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன என்று கேட்கிறார், நான் ஒண்ணுமில்ல டாக்டர், எம் பையன் என்னைக் குடும்பத்துல இருந்து நீக்கிட்டான் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் பல்வலி போய்விட்டது. கன்னம் வீங்கியிருந்த ஒரு அம்மாள் அடப்பாவி, பெத்தவளையா என்று மார்பில் கை வைத்தாள். பக்கத்திலிருந்தவர் தாடையைப் பிடித்துக்கொண்டே எழுத்து மூலமா அனுப்பிச்சிருக்கான்னா பின்னாடி வக்கீல் இருக்கான்மா, நீங்க எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க என்றார். உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த மனுஷன்கூடப் பஞ்சோடு ஆ ஆ என்று ஏதோ ஆறுதல் சொன்னார். பிறகுதான் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மிச்சத்தைப் படித்தேன். அது நீ சந்தா கட்டி வைத்திருக்கும் ஆபீஸ் சூட், கடிதம் எழுத, கணக்குப் போட, படம் காட்ட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூட்டையாக விற்கிறார்களே, அதில் 'குடும்பத் திட்டம்' என்று ஆறு பேருக்கு இடம், அந்த ஆறில் என் இடத்தைத்தான் எடுத்துவிட்டாய். இதை நான் விளக்கிச் சொன்னதும் அத்தனை பேர் முகத்திலும் வந்த ஏமாற்றத்தை நீ பார்க்க வேண்டுமே. வக்கீல் சொன்னவர் ப்ச் என்று திரும்பி உட்கார்ந்து மறுபடியும் தாடையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு ஏமாற்றம், எனக்கு இல்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மறுநாள் உன்னைக் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா, நீ என்ன சொன்னாய் என்பதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அம்மா, அது பெரிய விஷயமே இல்லம்மா, ஆறு இடம்தான் இருக்கு, நான், அவ, அப்பா, தங்கச்சி, மாமனார், நீ, இப்ப என் மாமியாருக்கும் ஒண்ணு வேணும்னு மாமனார் சொன்னார், ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன், உன் பேர்ல ஒரு தடவைகூட யாரும் உள்ள நுழையலை, நீதான் யூஸ் பண்றதே இல்லையே என்றாய். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாயா? அப்பாவைப் பாரும்மா, இந்த வயசுலயும் எவ்வளவு பண்றார், வாரத்துக்கு இத்தனை ஃபைல், கலர் கலரா ஷீட்டு, நியூஸ்லெட்டர் எல்லாம் போடறார், எங்க ஆபீஸ்ல இருக்கிற பசங்ககூட இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டாங்க என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உங்கப்பா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்து, கூச்சமே இல்லாமல், ஏதோ என்னால முடிஞ்சதுப்பா என்றார். நகவெட்டி என் கையில் இல்லாதது அவர் நல்ல நேரம்.

அடேய், உங்கப்பாவுக்கு அந்தக் கம்ப்யூட்டரை எழுப்பவே தெரியாது. திரை அணைந்திருந்தால் அது தூங்குதா செத்துப்போச்சா என்று என்னைத்தான் கேட்பார். லிஃப்டுக்குப் பொத்தான் அழுத்துகிற மாதிரி ஒரு எழுத்தை அழுத்திவிட்டு, வருமா வராதா என்று பின்னால் நகர்ந்து நிற்பார். ஒரு பக்கத்தை இன்னொருவருக்கு அனுப்பு என்றால் திரையைப் போனில் படம் பிடித்து, அதில் அவர் சட்டையும் வழுக்கையும் தெரிய, அனுப்புவார். அவர் தன் கையால் செய்த ஒரே ஒரு வேலை தண்ணீர்த் தொட்டி கழுவுகிற அறிவிப்பு, அதுவும் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது. கண்ணாடிக் கடைக்காரர் இல்லையா, கண் பரிசோதிக்கிற பலகை மாதிரியே முதல் வரி பானை அளவுக்கு, அடுத்த வரி கிண்ணம் அளவுக்கு, போகப்போகச் சுருங்கி, எந்தத் தேதி என்பது கடைசி வரியில் எறும்பு மாதிரி. குடியிருப்பில் பாதிப் பேர் தேதி தெரியாமல் சோப்புத் தலையோடு குளியலறையில் நின்றார்கள், அதிலும் இரண்டு பேர் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து மறுநாள் அவர் கடைக்கே போனார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது, அதை மறுக்கவில்லை.

பிறகு அந்த ரிப்போர்ட் எப்படி அப்படிச் சொல்லிற்று என்று கேள். நீதான் காரணம். போன தடவை வந்தபோது இந்த சூட்டைப் போட்டுக் கொடுத்தாயே, அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்? உங்கப்பா. நான் எங்கே இருந்தேன்? உங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா உங்க பேர்ல திறந்துடறேன் என்றாய், அவரும் தலையாட்டினார், எனக்கு என்று ஒரு கணக்கைப் பிறகு உன் போனிலேயே திறந்து பாஸ்வேர்டை அனுப்பி வைத்தாய். அதை எதற்கு நான் தொடவேண்டும்? கம்ப்யூட்டரைத் திறந்தால் அதுவே திறந்துகொள்கிறது, உள்ளே எல்லாம் இருக்கிறது, உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். தினமும் அது உங்கப்பா பெயரைச் சொல்லி வருக வருக என்று கூப்பிடும், நானும் அவருக்குப் பதிலாக வந்து உட்காருவேன். கல்யாண வீட்டுக்கு அவருக்குப் பதிலாகப் போவதில்லையா, அவர் கடைக்கு ஆள் வராவிட்டால் நான் போய் நிற்பதில்லையா, அதுபோல இதுவும் என்று இருந்துவிட்டேன். ஒன்றரை வருஷமாக நான் அடித்த ஒவ்வொரு எழுத்தும் அந்த மனுஷர் பெயரில் போய் விழுந்திருக்கிறது, அது எனக்கும் உறைக்கவில்லை, என் புத்தியை எந்தச் சுவரில் மோதுவது.

உறைக்க வைத்தவர்கள் குடியிருப்போர் சங்கத்தார். வண்டி நிறுத்தும் இடம் யாருக்கு எது என்று அந்தக் கலர் ஷீட்டு, குப்பை எடுக்கும் முறை, மாதம் ஒரு தடவை இரண்டு பக்கச் செய்தி மடல், எல்லாம் நான்தான் செய்வது. மடலின் பின்பக்கத்தில் 'மாடிப்படிச் செய்திகள்' என்று ஒரு பகுதி எழுதுகிறேனே, யார் செருப்பு யார் வாசலில் கிடந்தது, எந்த மாடியில் எந்த நாய்க்கு எத்தனை மணிக்குப் பாட்டு வரும், லிஃப்டுக்குள் செண்ட் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வருகிற புதுப் பணக்காரர் எந்த மாடி, எல்லாம் பெயர் சொல்லாமல்தான், ஆனால் எல்லாருக்கும் தெரியும். போன மாதம் என்னையே போட்டுக்கொண்டேன், 'இரண்டாம் மாடி அம்மாள் ஒருவர் இளைக்க வேண்டுமென்று படியில் ஏற ஆரம்பித்து, முதல் மாடியில் தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு, லிஃப்டில் வந்து சேர்ந்தார்' என்று. ஜனங்கள் இதைப் படிக்கத்தான் மடலையே எடுக்கிறார்கள். சங்கக் கூட்டமோ ஞாயிறு சாயங்காலம். எனக்கு அப்போது கிளினிக், உங்கப்பா கடைக்கு அப்போது விடுமுறை. அதனால் பிரிண்டைக் கையில் கொடுத்து அவரை அனுப்புவேன், அவரும் தபால்காரர் மாதிரி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் இல்லையாம், ஆசிரியராம். சங்கத்தார் அந்த ஃபைல்களை இணையத்தில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள், யார் ஒரு வரி எழுதினாலும் பக்கத்தில் எழுதினவர் முகம் வட்டமாக வரும், எல்லா வரிக்கும் பக்கத்தில் உங்கப்பா முகம், கடை விளம்பரத்துக்கு எடுத்த அந்தப் படம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. சங்கத் தலைவர், நாலாவது மாடி ரிட்டயர்டு பாங்க்காரர், எங்கே பார்த்தாலும் சாருக்கு என்ன நகைச்சுவை, சாருக்கு என்ன நகைச்சுவை என்று கையைப் பிடித்துக் குலுக்குவாராம். நகைச்சுவையா! எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு அவர் இன்னும் சிரிக்கவில்லை, விளங்கினால் சிரிப்பார் என்று காத்திருக்கிறேன். நீ என்னை நீக்கின அதே வாரம் புதன்கிழமை தலைவர் வீட்டுக்கே வந்து, வருடக் கூட்டத்தில் சாருக்கு ஒரு கேடயம் கொடுக்கப்போறோம், செயலாளராவும் போடறதா இருக்கோம், நீங்க கொஞ்சம் லீவு போட்டுட்டு வந்து பார்க்கணும் என்று என்னிடம் சொல்கிறார். என்னிடம்! கையில் நான் போட்ட டீயை வைத்துக்கொண்டு. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு உங்கப்பாவைப் பார்த்தேன். நான் என்ன பண்ணட்டும், அவங்களா சொல்றாங்க, மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும் என்றார். மரியாதை தெரிந்த மனுஷர், எல்லாரிடமும்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன், எனக்கென்று ஒன்று வேண்டும், என் பெயரில் திறக்கிறதாக, யாரும் என்னை நீக்க முடியாததாக. உன் தங்கச்சி விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டினேன். எதைப் போடுவது என்று விசாரிக்க ஆரம்பித்தால், அப்பப்பா, உனக்குப் பெண் பார்த்தபோதுகூட இத்தனை பேர் வாய் வைக்கவில்லை. மூன்று வகை இருக்கிறது, நான் அவர்களுக்குப் பெயரே வைத்துவிட்டேன். முதலாவது சந்தாக்காரர், உன்னுடையவர். வசதி நிறைய, உடுப்பு நன்றாக இருக்கும், ஆனால் வருஷாவருஷம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் நீ எழுதினதை நீயே பார்க்கலாம், தொட முடியாது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த இனிப்பு மாதிரி. அதோடு குடும்பத்தில் யார் யார் என்று முடிவுபண்ணுகிற அதிகாரம் கார்டு வைத்திருக்கிறவனுக்குத்தான். இரண்டாவது மேகத்தார், எதையும் வீட்டில் வைக்காமல் இணையத்திலேயே எல்லாம் பண்ணுகிறவர். எங்கள் டாக்டர் அவருக்குப் பெரிய ரசிகர், நீங்க அதுக்கே மாறிடுங்கம்மா, இலவசம், எங்கிருந்தும் திறக்கலாம் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, நெட் போய்விட்டது, நோயாளிகள் பட்டியலும் மேகத்தாரிடம்தான், அடுத்த நோயாளி யார் என்று டாக்டருக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை, யாருக்கு ரொம்ப வலிக்குது, கையைத் தூக்குங்க என்று கூப்பிட்டோம், எல்லாரும் தூக்கினார்கள். மூன்றாவது ஓசியார். இலவசமாக இறக்கி நம் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளலாம், சந்தா கிடையாது, ஆறு இடம் ஏழு இடம் என்ற பேச்சே கிடையாது. ஆள் பார்க்கக் கொஞ்சம் பழைய மாதிரி, சட்டை கசங்கியிருக்கும், பொத்தான்கள் நாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. சந்தாக்காரரின் ஃபைலைத் திறந்தால் வரிகளைக் கொஞ்சம் கோணலாக உட்கார வைப்பார், எழுத்து வடிவம் மாறிப்போகும். மூன்றாம் மாடியில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள் அளவுகளையெல்லாம் அதில்தான் வைத்திருக்கிறாள், என்ன அக்கா, கோணலா இருந்தா இழுத்துவிட்டாப் போச்சு, துணி நம்மளதாச்சே என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஓசியாரையே வீட்டுக்குள் விட்டேன்.

அவரைப் போட்டு முடித்து அமைப்புகளுக்குள் போனால் உங்களைப் பற்றிய விவரம் என்று ஒரு இடம் இருக்கிறது. பெயர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் இனிஷியலுக்கு ஒரு குட்டிக் கட்டம். நான் சிரிக்காமல் சொல்கிறேன், நீயும் சிரிக்காமல் கேள், அந்தக் கட்டத்துக்கு முன்னால் டீ ஆறிப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். முதலில் அம்மா என்று அடித்தேன், அது வேலைக்கு ஆகாது என்று அழித்தேன். பிறகு திருமதி போட்டு உங்கப்பா பெயரை அடித்தேன், விரல் பழக்கத்தில் போய்விட்டது, அடித்துவிட்டு எனக்கே கோபம் வந்து அதையும் அழித்தேன். கடைசியில் என் பெயரை அடித்தேன். இனிஷியலுக்கு என்ன போடுவது? எங்கப்பாவுடையது பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டோடு போயிற்று, உங்கப்பாவுடையது ரேஷன் கார்டோடு வந்தது, இரண்டும் எனக்கு யாரோ கொடுத்தது. காலியாக விட்டேன். கோபித்துக்கொள்ளும், சிவப்பாக ஏதாவது காட்டும், நிரப்பு நிரப்பு என்று நிற்கும் என்று பயந்தேன். ஒன்றுமே சொல்லாமல் சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் என்னை ஒன்றும் கேட்காமல் சரி என்று சொன்ன முதல் ஆள் இந்த ஓசியார்தான், அவர் சட்டை கசங்கியிருந்தால் எனக்கென்ன.

அதற்கப்புறம் நான் வேலைநிறுத்தம். இந்த மாத மடலை நீங்களே எழுதுங்க ஆசிரியர் சார் என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு கிளினிக்குக் கிளம்பிவிட்டேன். உங்கப்பா என்ன பெரிய வித்தை என்று சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தலைவருக்கு ஒரே குஷி, சார் இன்னிக்கு எழுதறார், எல்லாரும் திறந்து வெச்சுக்கோங்க என்று கமிட்டிக்குச் சொல்லியிருக்கிறார், ஆளுக்கொரு வீட்டில் போனையும் லேப்டாப்பையும் திறந்து வைத்துக்கொண்டு சாரின் நகைச்சுவை பிறப்பதை நேரில் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். சார் முதல் எழுத்தை அடிக்கவே ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார். யோசித்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கலாம் என்று கழற்றி, அதன் கனமான பெட்டியை எடுத்து, வைக்க இடம் இல்லாமல் விசைப்பலகை மேலேயே வைத்துவிட்டு, துடைக்கத் துணி தேடி உள்ளே போய்விட்டார். பெட்டியின் மூலை ஒரு எழுத்தின் மேல். கமிட்டி பார்த்துக்கொண்டே இருக்கிறது, உங்கப்பா முகம் வட்டமாக மின்னுகிறது, பபபபபபபபப என்று ஓடுகிறது. வரி நிறைகிறது, பக்கம் நிறைகிறது, அடுத்த பக்கம். ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்தார்களாம், சார் சும்மா விளையாடறார் என்று. அப்புறம் ஒருத்தர், இதுல ஏதோ உள்குத்து இருக்கு, பராமரிப்புச் செலவைத்தான் சொல்றார் என்றாராம். கமிட்டியில் இருக்கிற தையல்காரி என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கடைசியில் தலைவர் பயந்துபோய் போன் பண்ணி சார், உங்களுக்கு ஒண்ணுமில்லையே, கை கால் எல்லாம் அசையுதா என்று கேட்டிருக்கிறார். உங்கப்பா வந்து திரையைப் பார்த்ததும் நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குமேல் மறைக்க வழியில்லை. இதெல்லாம் நான் இல்லைங்க, எப்பவும் எங்க வீட்டம்மாதான் பண்றாங்க, நான் கொண்டுவந்து கொடுக்கறதோட சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ராத்திரி என்னிடம் வந்து சொல்லிட்டேன் என்றார், முகம் பல் பிடுங்கின ஆள் மாதிரி இருந்தது. கோபத்திலும் கொஞ்சம் பாவமாக இருந்தது, அதை அவரிடம் காட்டவில்லை, நீயும் சொல்லாதே.

சரி, தீர்ந்தது என்று நினைப்பாய், நானும் நினைத்தேன். நேற்று வருடக் கூட்டம், லீவு போட்டுவிட்டு, உன் தங்கச்சி வாங்கிக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன், முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். ஒரு சின்னத் திருத்தம் என்றார். இத்தனை நாளும் திரைக்குப் பின்னால் சாருக்கு உதவியா இருந்த ஒருத்தரை நாம கௌரவிக்க மறந்துட்டோம் என்றார். கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள். மேலே திருமதி என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் உங்கப்பா பெயர். பழைய கேடயத்திலேயே முன்னால் இருந்த 'திரு'வோடு ஒரு 'மதி'யைச் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள், சேர்த்த இடம் நெருக்கியடித்துக்கொண்டு தெரிகிறது. கீழே, 'எழுத்துப் பணியில் கணவருக்கு உறுதுணையாக நின்றமைக்காக.' படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். கிளினிக்கில் போனைப் படித்தபோது இருட்டின கண் இப்போது நன்றாகத் தெளிந்துவிட்டது. மைக்கைக் கொடுங்க என்றேன். ரொம்ப நன்றிங்க, இதுல யார் பேர் இருக்கோ அவங்ககிட்டயே கொடுத்துடறேன் என்று சொல்லி நேராகப் போய் உங்கப்பா மடியில் வைத்தேன். அடுத்த மாசத்துல இருந்து மாடிப்படிச் செய்திகள் எழுதினவ பேரோட வரும், அதனால இனிமே எல்லாரும் செருப்பைக் கொஞ்சம் பார்த்துக் கழட்டுங்க, எழுதறது நாலாவது மாடிக்கும் சேர்த்துத்தான் என்றேன். பின்வரிசைப் பெண்கள் கை தட்டின தட்டில் மைக் கீச்சென்றது. தையல்காரி நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். உங்கப்பா கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் முடிகிறவரைக்கும் தூங்குகிற குழந்தையை வைத்திருக்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பது என்று கேட்டார், கடையில வைங்க, உங்க பலகை மாதிரியே மேல பெருசா கீழ சின்னதா எழுதியிருக்கு என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். இன்று காலையிலிருந்து, அந்த ஃபைல்களில் எல்லாம் என் மூஞ்சியை எடுத்துட்டு உன்னுடையதைப் போடணும், எங்க அழுத்தணும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களே கண்டுபிடிங்க என்று விட்டுவிட்டேன். தன் முகத்தை எடுத்துவிட்டார், பதிலுக்கு எப்படியோ மூக்குக் கண்ணாடிப் பெட்டியின் படத்தைப் போட்டிருக்கிறார்.

இப்போது உன் விஷயம். சம்பந்தியம்மாவின் மேல் எனக்கு இம்மியும் வருத்தம் கிடையாது. அவங்களே கூப்பிட்டு சம்பந்தி, எனக்கு இந்த விஷயமே தெரியாது, நான் கேட்கவே இல்ல, தோட்டச் செடி எல்லாத்துக்கும் பேர் எழுதி வெக்கறேன்னு இவர்தான் மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கார் என்று அழாத குறையாகச் சொன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி என்ன சொன்னாங்க தெரியுமா, எங்க வீட்லயும் கம்ப்யூட்டரைத் திறந்தா இவர் பேர்தான் வருது, நான் இதுவரைக்கும் எழுதினது எல்லாம் அதுலதான் இருக்கு என்றாங்க. கேட்டாயா? அடுத்த வருஷம் உன் ரிப்போர்ட்டில் அவங்க பெயருக்கு நேராகவும் பூஜ்யம்தான் வரும், அப்போது அவங்களையும் குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டு, மாமா எவ்வளவு செடி வளர்க்கிறார் பாரு என்பாயா? அவங்களுக்கும் போனிலேயே வழி சொல்லி ஓசியாரைப் போட வைத்துவிட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து இனிஷியலைக் காலியாக விட்டோம். அதனால் என் இடத்தை நீ திருப்பித் தர வேண்டாம், வேறு யாருக்காவது கொடு. எனக்கு வேண்டியது வேறு. எழுந்துபோய் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார், யார் பெயரைச் சொல்லி வருக என்கிறது? வீட்டு வாடகைக் கடிதம், வரிக் கணக்கு, நீ ஆபீஸில் காட்டிப் பெயர் வாங்கினாயே அந்தப் படம் காட்டுகிற பக்கங்கள், அதெல்லாம் மருமகள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது என்று நீயே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாய். அவள் அடித்ததெல்லாம் எந்த முகத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது? ரிப்போர்ட்டைப் பார்த்து அம்மாவை எடைபோட்டாய், பக்கத்தில் இருக்கிறவளையும் அதே தராசில் வைத்துவிடாதே. அவள் இதைப் படித்துக்கொண்டு உன் தோளுக்குப் பின்னால் நின்றால், திரும்பி முகத்தைப் பார், உனக்கே தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கிறது என்றாயே, நாற்காலியை உயர்த்திப் போட்டுக்கொள். தங்கச்சிக்குப் பரீட்சை வருகிறது, கூப்பிட்டுப் பேசு, அவளையும் ரிப்போர்ட் பார்த்துவிட்டு நீக்கிவிடாதே. இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு அனுப்பி வைக்காதே, அனுப்பினால் அவர் அதைப் படம் பிடித்து எனக்கே அனுப்புவார். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குக் கண்ணில் தெரியும்படி, நூறு வருஷம் சேர்ந்து இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன், கோபம் தனி, இது தனி. உன் சந்தாக்காரர் இந்தக் கடிதத்தைத் திறக்கும்போது வரிகளைக் கோணலாகக் காட்டினால் அது அவர் பொறாமை, நான் நேராகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மறக்காதே. கடிதத்தை மூடினதும் இந்த ஃபைலின் மேல் வலது பொத்தானை அழுத்தி, விவரங்கள் என்று வரும் இடத்துக்குள் போ. எழுதியவர் என்று ஒரு வரி இருக்கும். அங்கே இருப்பது உனக்குத் தெரிந்த பெயர்தான், முன்னாலும் பின்னாலும் யாருமில்லாமல் அது தனியாக நிற்பதை மட்டும் நீ இதுவரை பார்த்திருக்க மாட்டாய். அதையே என் கையெழுத்தாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அந்த வரியில் இருப்பவள்,
உன் அம்மா.